சென்சார் மேல் போட்ட பழி

மாசிலாமணிக்குத் தொழில் சுத்தம், வாய்தான் நீளம். மந்தைவெளியில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே அவருடைய மெக்கானிக் ஷெட். வண்டி உள்ளே நுழையும் சத்தத்திலேயே நோயைச் சொல்லிவிடுவார். சொன்னது தப்பானால் வண்டி மேல்தான் கோபம் வரும், தன் மேல் வராது.

பரத்வாஜ் சாரின் கார் விஷயத்தில் அந்தக் கோபம் வாரக்கணக்கில் நீடித்தது. சாருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸ். மயிலாப்பூரிலிருந்து அவர் மனைவி ஸ்ரீரஞ்சனி மாமிதான் காரில் அழைத்துப் போவார். கார்த்திகை பிறந்ததும் டேஷ்போர்டில் விளக்கு எரிய ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தால், இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரில் கோளாறு என்று வந்தது. மாசிலாமணி சென்சாரை மாற்றினார். பத்தே நாளில் மறுபடி விளக்கு. மறுபடி மாற்றினார். மூன்றாம் முறை மாமி போன் செய்தபோது, "அது பொய் சொல்லுது மாமி, கண்டுக்காம ஓட்டுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, அடையாறு பாலத்தின் மேல் கார் ஆவி கக்கி நின்றுவிட்டது. உச்சி வெயில். முக்கால் மணி நேரம் சார் உள்ளே சுருண்டு கிடந்திருக்கிறார். காரை ஷெட்டுக்கு இழுத்து வந்து விட்டார்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன் என்றுவிட்டார். வாடகைக் காரும் வேண்டாமாம். முன்பின் தெரியாதவன் வண்டியில் வாந்தி எடுத்து வைக்க முடியாதாம்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமி ஷெட்டுக்கு வந்தார். "நாளைக்கும் போகலேன்னா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சாத்தான் வருவேன்னு இவர் பிடிவாதமா உக்காந்துண்டிருக்கார். என்னால முடியலே, மாசிலாமணி." சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி நடந்தார். மாசிலாமணி மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு முறை மாற்றிய மனிதர் ஒரு முறை யோசித்திருக்கக் கூடாதா?

மாமி போனதும் மாசிலாமணி ஷெட்டுக்குள் போனார். கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள் இரண்டையும் தேடி எடுத்தார். டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக முக்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டுமே நன்றாக இருந்தன. பிறகு காரில் சென்சாரோடு ஒயர் சேரும் சாக்கெட்டைப் பிரித்து டார்ச் அடித்தார்.

"மதுமதி, இங்க வா. இன்னா பண்ணி வச்சிக்கீறேன் பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதோடு காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் அவர் செய்கிற உபசாரம் அது. இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பாகம் பாகமாகப் பொட்டு வைப்பார். சாருக்கு உடம்பு சரியில்லையே என்று இந்த வண்டிக்கு மட்டும் கூடுதல் சிரத்தை. சாக்கெட்டைக்கூடப் பிரித்துத் துடைத்து, சந்தனக் கையோடு திரும்ப மாட்டியிருக்கிறார். உள்ளே போன ஈரம் கம்பியை அரித்துவிட்டது. கொதிக்கிற இன்ஜின் குளிர்ந்திருப்பதாகத் தகவல் போக, அதைக் குளிர்விக்கும் ஃபேன் சுற்றவே இல்லை.

சாக்கெட்டையும் ஒயரையும் புதிதாகப் போட்டு, ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டார். ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. "ஒயர் போயிடுச்சு, மாத்திட்டேன்னு சொல்லிடுங்கண்ணே, போதும்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் சாரின் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

சாரே எடுத்தார். கோளாறு பிடிபட்டது என்றதும், "ரெண்டு தரமும் இதையேதானே சொன்னே?" என்றார்.

"இந்த வாட்டி தப்பு வண்டில இல்ல சார், என்னுது. பூஜைக்கு நான் வச்ச சந்தனம் உள்ள பூந்து கெடுத்துக்கீது. கண்டுக்காம ஓட்டுங்கன்னு சொன்னதும் நான்தான்."



"காலம்பற ஆறரைக்கு வண்டியை எடுத்துண்டு வா. நீயே ஓட்டு" என்றார் சார். "நடுவுல நின்னுடுத்துன்னா, இந்தத் தடவை நீயும் எங்கூட உக்காரு."