மாரியில் மட்டும் வரும் இடுப்பு நோ

ஒவ்வொரு மாரியிலும் எனக்கு இடுப்பு நோகும். விதைப்பு வேலையால்தான் என்று குளிசை போட்டுச் சமாளித்தேன். போன வருசம் நான் வயலில் இறங்கவேயில்லை. ஆனாலும் முதல் மழைக்கே நோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை.

வவுனியாவில் சீன முறையில் ஊசி குத்தும் வைத்திய அம்மா நாடி பார்த்துவிட்டுச் சொன்னா: "பயம் சிறுநீரகத்தில, இடுப்புப் பக்கம்தான் தங்கும். ஐம்பூதத்தில அதுக்குரியது தண்ணி, காலம் குளிர்காலம், எங்களுக்கு மாரி. மழைக்குள்ள எப்பவாவது பயந்தனீங்களோ?"

கடைசி யுத்தத்தில் வெள்ளம் புகுந்த பங்கர்க் குழிக்குள், மகளைத் தோளில் தூக்கியபடி ஒரு பகல் முழுக்க நின்றதை நான் யாருக்கும் சொன்னதேயில்லை. "ஓம்" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

இப்போது மழை தொடங்கினால் முதலில் குளிசையைத் தேடுவதில்லை. மகளோடு முற்றத்தில் நனைந்தபடி அந்தக் கதையைச் சொல்கிறேன். அன்று பங்கருக்குள் தண்ணீரும் என் இடுப்பளவுக்குத்தான் நின்றது.