மேற்குப் பார்த்த விமானம்

மதுரை விமான நிலையச் சாலையில் ஒரு பக்கம் திறந்த தகரக் கொட்டகை. அதற்குள், பறந்து ஓய்ந்த பயணிகள் விமானம் ஒன்றின் மூக்கை மட்டும் அறுத்துவந்து சிமெண்ட் தரையில் இறுக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடிகளுக்கு வெள்ளை பெயிண்ட். கதவைச் சாத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் கருவிகளின் முட்களைப் பார்த்தே ஓட்ட வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. விமானியாகப் பயிற்சி எடுத்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். கல்லூரியில் இயற்பியலில் என்னை முந்தியவர் இல்லை. இந்தப் பெட்டியில் தேறினால்தான் நிஜ விமானத்தில் ஏற்றுவார்கள்.

பாடம் கடினமே இல்லை. தரையிலிருக்கும் ரேடியோ நிலையத்தை நோக்கிப் போக வேண்டிய வழியைக் குமிழைத் திருகி வைத்துவிட்டால், அந்த வழி எந்தப் பக்கம் இருக்கிறதென்று ஒரு முள் காட்டும். முள் வலது பக்கம் விலகினால் நாமும் வலது பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கொச்சியிலிருந்து மதுரைக்கு வரும் பயிற்சியில் மட்டும் என் கை ஒவ்வொரு முறையும் இடது பக்கம் திருப்பியது.

"ரைட்டும்மா, ரைட்டு! நீ எங்க போற, கொடைக்கானலுக்கா?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர் கத்துவார். விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். அது வெளியே காத்திருக்கும் பையன்களுக்கும் கேட்கும்.

"மாப்ள, கொடைக்கானல் வண்டி கெளம்பிருச்சுடா. ஸ்வெட்டர எடுத்துக்க!"

முள்தான் பழுது என்று முதலில் நினைத்தேன். அவர்கள் ஓட்டும்போது அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

ஒரு சாயங்காலம் எனக்கு நேர் எதிரே இருந்த வெள்ளைக் கண்ணாடி சிவந்தது. வெயில். அப்படியென்றால் நான் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். திசைகாட்டியோ கிழக்கே போகிறாய் என்கிறது.

செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். வீட்டுக்குள் வலதும் இடதும் கிடையாது. உப்பு டப்பா அடுப்புக்கு வடக்கே இருக்கும், தங்கச்சி தெற்கே தள்ளிப் படுப்பாள். இருட்டிலும் எங்களுக்குத் திசை தப்பாது. அந்தப் பெட்டிக்குள்ளும் என் உடம்புக்குத் தப்பவில்லை. காற்று என்னை வடக்கே தள்ளுகிறது, தெற்கே திரும்ப வேண்டும் என்று சரியாகவே நினைத்தேன். மேற்குப் பார்த்த பெட்டியில் தெற்கு என் இடது கைப்பக்கம் இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? பட்டிக்காடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சொல்லவில்லை.

தேர்வன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வருவதாக மனதுக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் கிழக்கே போகிறது, நாகமலை இடது பக்கம். முள் வலது பக்கம் விலகியது. மலையை விட்டு விலகித் திரும்பினேன். முள் மெல்ல நடுவுக்கு வந்தது. மதுரை பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது பார்த்து வெயில் இறங்கிக் கண்ணாடி சிவந்தது. மனதுக்குள் இருந்த மலை ஒரே தாவலில் வலது பக்கம் போய்விட்டது. முள் மறுபடி வலது பக்கம் விலகியபோது என் கை இடது பக்கம் போனது. முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தேர்வு போயிற்று.

வெளியே வந்து ஆசிரியரிடம் கொட்டிவிட்டேன். "சார், பெட்டி மேற்க பாத்து இருக்கு. கிழக்க திருப்பி வைங்க. நெசமான ப்ளேன்னா அதோட நானும் திரும்புவேன். தப்பே வராது."

ஒரு பையன் சிரித்தான். ஆசிரியர் சிரிக்கவில்லை.

"மேகத்துக்குள்ள பூந்துட்டா உன் ஒடம்புக்குக் கிழக்கு எதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"தெரியாது. தெரியும்னு தோணும். அப்படித் தோணுனவன் எல்லாம் மலையிலதான் போய் மோதுனான். அடுத்த வாரம் வா. பெட்டி இப்படியேதான் இருக்கும்."

பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். தெரியும்னு தோணும் என்று அவர் சொன்னதுதான் வழி முழுக்க என்னை அரித்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டு வைத்தாள். "தெக்க நகந்து உக்காருடி, தங்கச்சிக்கு எடம் வேணும்ல."

உடம்பு தானாக நகர்ந்தது. அதைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தக் கைப்பக்கம்னு சொல்லும்மா."

"என்னது?"

"வலது கையா, இடது கையா? இந்த ஒரு வாரத்துக்கு அப்படித்தான் சொல்லணும்."

அம்மா கரண்டியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டுப் படிச்சும் தெக்கு எதுன்னு தெரியலையா ஒனக்கு?"