வெயிலைத் தேய்த்துவிட்டார்கள்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். பெயிண்ட் அடித்து வரும் வண்டியைக் குழல் விளக்குகளுக்கு அடியில் நிறுத்தி விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. எங்காவது ஒரு தூசி, ஒரு பொட்டு மேடு தட்டுப்பட்டால் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவேன். அடுத்து நிற்பவர் அந்த வட்டத்துக்குள் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு மட்டமாக்குவார். வட்டம் என்றால் தேய். கேள்வி கேட்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

காஞ்சிபுரம் நடைபாதையில் ஒரு பழைய ஓவியப் புத்தகம் வாங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கிராமங்கள்: வயல், வைக்கோல் போர், ஆடு மாடு. அந்த ஓவியர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போய், வெயில் மாறுவதற்குள் வரைந்தார்களாம். வெளிச்சம் விழும் இடத்தில் வண்ணத்தை அப்பி வைத்திருந்தார்கள். அச்சிலேயே அந்த மேடு தெரிந்தது. பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது, கூடவே எரிச்சலும். அந்த மகராசர்களுக்கு ஷிப்ட் கிடையாதே!

எனக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் சாயங்காலம் கையில் கிடைக்கும். காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் வாலாஜாபாத் பக்கம் எங்கள் ஊர் முனையில் இறக்கிவிட்டதும், பலகையும் வண்ணமுமாக ஏரிக்கரைக்கு ஓடுவேன்.

"இன்னா, எப்பப் பாரு ஏரிக்கரையிலயே குந்திக்கினு கீற? சோத்த யாரு ஆக்குறது?" என்பார் என் வீட்டுக்காரர்.

"ஒரு நாளிக்கி நீ ஆக்கு. செத்துர மாட்ட."

அடுத்த முறை போவதற்குள் நாற்று பயிராகியிருக்கும். அதற்கடுத்த முறை கதிர் வந்திருக்கும். வயலை அழித்து அழித்து வரைந்தேன். ஏரித் தண்ணீரில் விழுந்த வெயிலை மட்டும் அழிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் மஞ்சளை அதன்மேலேயே அப்பினேன். ஐந்து மாதத்தில் அது புளியங்கொட்டை கனத்துக்கு எழும்பி நின்றது.

பொங்கலுக்குக் கம்பெனியில் ஊழியர்களின் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். முந்தின நாளே படத்தைக் கொண்டுபோனேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் அதை எங்கள் லைனின் குழல் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். வெயில் கொஞ்சம் மங்கலாகப் பட்டது. காலையில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் வைக்கலாம் என்று, அடையாளத்துக்கு அதைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். பஸ் ஹாரன் அடித்தது. படத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் வந்து பார்த்தால் வெயிலைக் காணோம். அந்த இடம் வழவழவென்று, பலகையின் மரம் தெரிய, பளபளத்துக்கொண்டு கிடந்தது. நைட் ஷிப்டில் பாலிஷ் போடும் தென்காசிக்காரர், நான் பாராட்டுவேன் என்று பஸ்ஸுக்குக்கூடப் போகாமல் காத்திருந்தார்.

"ஏக்கா, நீங்கதான வட்டம் போட்டிருந்திய? நல்லா மேடு தட்டிக் கெடந்துச்சு. கஷ்டப்பட்டுத் தேச்சேம்லா. தடவிப் பாருங்க."

"கண்ணு அவிஞ்சி போச்சாயா உனக்கு? அது வெயிலுயா, வெயிலு!"

லைனே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வட்டம் போட்டா தேய்க்கணும்னு நீங்கதானக்கா சொன்னிய."

அதற்கு மேல் யாரைத் திட்டுவது? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். வட்டம் போட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, படத்தை வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். வைத்தேன். மேலாளர் வந்தார். படத்தைப் பார்க்கவில்லை, விரலால் தடவினார். "ஃபினிஷிங் சூப்பர்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பலகையைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டு மிதிக்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

திரும்பி லைனுக்கு வந்தபோது ஒரு வெள்ளை வண்டி நின்றது. பானெட்டில் என் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. கடுகளவுதான். விளக்கில் அது மட்டும் மினுங்கியது. பென்சிலை எடுத்தேன். எடுத்த பென்சிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, வண்டியைப் போகவிட்டேன்.