டீக்குளம் எங்கே?

பல்லுக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் பிடுங்குகிறவள் இல்லை, பல் செய்கிறவள். பல் மருத்துவமனைக்குப் பின்புறம் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. மெழுகு உருக்க ஒரு விளக்கு, பிளாஸ்டர் குழைக்க ஒரு ரப்பர் கிண்ணம், மெருகேற்ற ஒரு சக்கரம். வாய் பொக்கையானவர்கள் மறுபடி வாய்விட்டுச் சிரிப்பதெல்லாம் அவள் கைவேலை. ரோஜா நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, சுடுகத்தியால் ஒட்டி, தள்ளி வைத்துப் பார்ப்பாள். இம்மி சாய்ந்திருந்தாலும் பிடுங்கிவிட்டுத் திரும்ப வைப்பாள். டாக்டரே வந்து போதும் என்றாலும் கேட்கமாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம்.

வேலை நேரம் முழுக்கக் காதில் பாட்டு ஓடும். பாட்டை அளக்க அவளிடம் ஒரு அளவு இருந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் ஆறு பல் வைத்துவிட்டால் அது ஆறு பல் பாட்டு. கையை ஓடவைக்கிற பாட்டு. இழுத்து இழுத்து அறுத்தால் ஒரு பல். எப்போதாவது ஒரு பாட்டு வரும், கை தானாக நின்றுபோகும், ஒரு பல்கூட நகராது. அதற்கு அவள் வைத்த பெயர் பொக்கை. அதற்கு மேலே புகழ்ச்சி இல்லை.

இதையெல்லாம் போனில் எழுதுவாள். பாட்டும் பலகையும் என்று ஒரு குழு, நாலாயிரம் பேர். கேட்ட பாட்டு, ஆடிய பலகை ஆட்டம், தொலைந்த காய், உருண்டோடிய பகடை, எல்லாம் அங்கே வரும். கிழமைக்கு ஒருவர் முறை வைத்து எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை பல்லுக்காரியுடையது. காலையில் எழுதிப் போட்டுவிட்டு மதியத்துக்குள் முப்பது தடவை எடுத்துப் பார்ப்பாள். யாரோ ஒரு லாரிக்காரர், எங்கேயோ ஒரு நர்ஸ், "இன்னிக்கு நான் கேட்டது பொக்கைக்கா!" என்று எழுதினால் அன்றைக்கு அவள் கால் தரையில் பாவாது. புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் கல்யாணமாகிப் போனபிறகு, அந்த வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு வாரம்.

அதில் ஒரு ஆள் மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி. பெயர் இருபத்தேழு. படம் இல்லை, ஊர் இல்லை. அவள் எதை எழுதினாலும் கீழே வந்து ஒரு குத்து. இந்தப் பாட்டை ரசிக்க ஒரு காது போதும் என்பான். பல்லைக் காட்டுவதற்கும் ஒரு அளவுண்டு என்பான். ஏதோ வயசுத் திமிர், இருபத்தேழு வயசுப் பொடியன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, சின்ன வயசில் வீட்டில் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நாற்பது கட்டம். அதில் ஒன்று கொட்டாவிக் கட்டம். அங்கே காய் நின்றால் நிஜமாகவே ஒரு கொட்டாவி வந்த பிறகுதான் நகரலாம். அந்தக் கொட்டாவி எதிரில் இருப்பவருக்கு ஒட்டிக்கொண்டால் அவருக்கு ஒரு ஆட்டம் போச்சு. எங்கள் அப்பா உண்டாக்கிய ஆட்டம் என்று எழுதி, புதுத் தாளில் கட்டம் போட்டு, காய்களாக, நிறம் சேராமல் ஒதுக்கிய பற்களை வைத்துப் படமும் போட்டாள். குழுவே கொட்டாவி விட்டது. இதுவரை எதற்கும் அத்தனை பேர் எழுதியதில்லை.

மறுநாள் இருபத்தேழு எழுதியது இரண்டே வரி. "டீக்குளம் எங்கே? திருடினவங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

குழுவை நடத்துகிறவரைச் சங்கு என்பார்கள். தகராறு வந்தால் ஊதி அறிவிப்பவர். அவர் பல்லுக்காரிக்குத் தனியாக எழுதினார்: ஆட்டம் உங்களுடையது இல்லை என்று புகார் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை முறை வேறொருவருக்குப் போகும்.

அவள் சங்கு எழுதியதை ஒருதரம் படித்தாள். டீக்குளத்தை நூறுதரம் படித்தாள். மெழுகில் இருந்த முன்பல் மூன்று சாய்ந்தது, அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஏனென்றால் டீக்குளத்தைப் பற்றி அவள் எழுதவே இல்லை. பழைய பலகையில் ஒரு கட்டத்தின்மேல் டீ கொட்டிக் கறை பிடித்திருந்தது. அதில் விழுந்தவர் முழுகிப்போனார் என்று கணக்கு, ஒன்றாம் கட்டத்திலிருந்து திரும்ப வரவேண்டும். புதுத் தாளில் கறை இல்லை, அதனால் விட்டுவிட்டாள். உலகத்தில் அதைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா செத்துப்போய் ஒன்பது வருஷம். இரண்டாவது அவள். மூன்றாவது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவள் அக்கா. வாரா வாரம் வந்து அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நல்லாத்தான் எழுதறே என்று சொல்லிவிட்டுப் போகும் அக்கா.

டீக்குளம் எத்தனையாவது கட்டம்? இருபத்தேழு.

ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. பிளாஸ்டர் காய்ந்த கையோடு ரயில் நிலையத்துக்கு நடந்தாள். அக்காவுக்கு அங்கே விசாரணைக் கவுண்டரில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் மைக்கை வைத்துக்கொண்டு எந்த ரயில் எங்கே என்று சொல்ல வேண்டும். பல்லுக்காரி வரிசையை மீறவில்லை. பதினோரு பேருக்குப் பின்னால் நின்று, கொதித்தபடியே நகர்ந்து நகர்ந்து போனாள்.

"எங்க போகணும்?" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"இருபத்தேழாம் கட்டத்துக்கு."

அக்கா நிமிர்ந்தாள். முகம் ஒரு நொடி வெளுத்தது, அப்புறம் இறுகியது. "ஆளுங்க நிக்கறாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

"வீட்டுக்கு வந்தா நல்லா எழுதறேன்னு சொல்லுவே. முகமூடியைப் போட்டுக்கிட்டு அங்கே குத்துவே. ஒரு வருஷமா என் பல்லைப் பிடுங்கினது நீதானேக்கா?"

பின்னால் நின்ற பெரியவர், பல் ஆஸ்பத்திரி எதிர்ச் சாரியில் இருக்கிறதம்மா என்று நல்ல மனசோடு வழி சொன்னார். இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

அக்கா பேச ஆரம்பித்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். ஒன்றாம் நடைமேடை முதல் ஆறாம் நடைமேடை வரை கேட்டது.

"அப்பாவாடி உண்டாக்கினாரு? ஒம்பது வயசுல ஸ்கேல் வெச்சு நாப்பது கட்டம் போட்டது யாரு? அது மேல டீயைக் கொட்டினது யாரு, நீதானே? மூஞ்சி வீங்க அழுதுட்டு, சரி, இதைக் குளம்னு வெச்சுக்கலாம்னு சொன்னது யாரு? அப்பா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. கொட்டாவி விட்டாரு."

பல்லுக்காரி கண்ணாடியில் முகம் முட்டக் குனிந்தாள்.

"அதை என்கிட்ட நேர்ல சொல்ல வாய் இல்லையா உனக்கு? நாள் பூரா மைக்கைப் பிடிச்சுப் பேசறவ!"

"நாலாயிரம் பேருக்குச் சொல்லும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு வருஷமா எழுதறே. அப்பா வர்றாரு. செத்துப்போன பூனைகூட ரெண்டு தடவை வருது. நாம ரெண்டு பேரும் ஒரே ரேடியோவுலதான் கேட்டு வளந்தோம். நான் எங்கடீ?"

பல்லுக்காரிக்கு இன்னும் கோபம்தான் வந்தது, நியாயம் எதிராளி பக்கம் போய்விட்டால் வருகிற கோபம். திரும்பி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் ஒலிபெருக்கியில், "அடுத்தவங்க வாங்க," என்றது.

ஞாயிறு காலை சங்குக்கு எழுதினாள். நாலு தடவை அழித்தாள், சாய்ந்த பல்லைப் பிடுங்குவது போல. கடைசியில் நின்றது இது: "பலகை என் அக்காவுடையது. அப்பா பேரைப் போட்டது என் தப்பு. வெள்ளிக்கிழமையை அவளுக்கே கொடுங்க. இருபத்தேழுங்கறது அவதான். ஒரு வருஷம் ஒளிஞ்சு கல்லெறிஞ்சது அவ தப்பு. ரெண்டையும் குழுவுல போடுங்க, ஒண்ணை மட்டும் போடாதீங்க."

அந்த வாரம் அக்கா காபிக்கு வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கீழ்த்தாடைக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பழைய பலகையின் படம். மடிப்பில் கிழிந்து, காலண்டர் எண்கள் பின்னாலிருந்து தெரிய, இருபத்தேழில் பழுப்புக் கறை. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "இதுல டீயைக் கொட்டினப்போ என் தங்கச்சிக்கு அஞ்சு வயசு. நான் அடிப்பேன்னு பயந்து கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சா. அவளை வெளியில கொண்டுவரத்தான் அதைக் குளம்னு சொன்னேன்."

இது பல்லுக்காரிக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரியாது.

விளக்கில் கத்தி சிவக்கச் சிவக்கக் காய்ந்தது. மெழுகில் ஒரு பல்கூட ஏறவில்லை. ஏப்ரனில் விரலைத் துடைத்துக்கொண்டு, அக்கா எழுதியதற்குக் கீழே எழுதினாள்: "பொக்கை."

போட்டுவிட்டு யோசித்தாள். மனசு ஆறவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்தாள்.

"கோபம் அப்படியேதான் இருக்கு."