படம் வந்துவிட்டது, பொருள் வரவில்லை

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ரோஷன் இப்போதுதான் தூங்கினான். எனக்குப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

சனிக்கிழமை மூன்று வயது மகன் ரோஷனோடு எங்கள் ஊர் சாஆவிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போனேன். கணவருக்கு ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாய் பக்கம் தொழிற்சாலை வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஆலைப் புகை என்கிறார்கள், ரோஷனுக்கோ மூச்சிளைப்பு. அங்கே குடிபோகலாமா என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. என்னோடு வேதியியல் படித்த தேவி ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். உலோகத்தையும் கரிமச் சேர்மத்தையும் கோத்த கலப்பினப் பொருள் ஒன்றின் அமைப்பு, அணு அணுவாக. "காத்துல இருக்கற புகைய இது பிடிச்சு வச்சிக்கும்டி" என்று குரல்பதிவும் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் கணவரிடம் "சரி, போகலாம்" என்றேன். பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எப்போது வாங்கலாம் என்று கேட்கவே இந்தப் பயணம்.

யோங் பெங் வரை தம்பியின் கார், அரை மணி நேரம். அங்கிருந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்துக்குப் பேருந்து, ஒன்றரை மணி நேரம். உள்ளே குளிர் கடுமை. குழந்தைக்குக் காலுறை கட்டாயம். லார்க்கினில் பிடித்த வாடகைக் காரின் ஓட்டுநர் மாசாய்க்காரர்.

"அங்க காத்து எப்படிண்ணே?"

"சில நாளு ஒண்ணும் தெரியாதும்மா. சில நாளு ஜன்னல சாத்திட்டு உக்காந்திருப்போம். பழகிரும் லா."

ரோஷனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தேவியின் அறையில் கணினி. ஏற்கெனவே தெரிந்த ஆயிரக்கணக்கான அமைப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நிரல் அது. எந்த உலோகம், எந்தச் சேர்மம் என்று சொன்னால் போதும், அணுக்கள் எப்படி உட்காரும் என்று கணித்துவிடுகிறது. ரோஷன் ஒரு பிஸ்கட்டைத் தின்று முடிப்பதற்குள் திரையில் நான்கு புது அமைப்புகள்! ஒரே ஒரு படிகத்துக்காக நானும் அவளும் ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டிருக்கிறோம்.

"சரி, புகையப் பிடிக்கிற அந்தப் பொருளக் காட்டுடி."

"அலமாக்! அது இன்னும் இல்லடி. வெறும் கணிப்பு. ரெண்டு தடவ செஞ்சு பாத்தோம், இதான் வந்துச்சு."

அவள் எடுத்து நீட்டிய கண்ணாடிக் குழாயின் அடியில் பழுப்பாய் ஒரு கசடு.

"படம் அனுப்பினியே!"

"இப்பல்லாம் படம்தான் மொதல்ல வரும். நீ இன்னும் நம்ம காலேஜ் லேப்லயே நிக்கிற."

நாங்கள் படித்தபோது படிகம் கையில் இருந்தால்தான் அமைப்பு கிடைக்கும். அதனால் அமைப்பைப் பார்த்ததும் பொருள் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். இன்னும் பிறக்காத ஒன்றை நம்பியா குழந்தையை அங்கே கூட்டிப்போக இருந்தேன்?

"எப்பதான் வரும்?"

"மொதல்ல செய்ய முடியணும். அப்புறம் நம்ம ஊரு ஈரத்துல ஒடையாம நிக்கணும். இத நம்பி வீடு மாத்தாத, ப்ளீஸ்."

இதுபோல் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். மாலையில் லார்க்கினில் நெரிசல். குழந்தையை ஆய்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள், அறையோடு சரி. புதுப் பொருள் என்று யாராவது படம் காட்டினால், செய்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை கணவர் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் இன்னும் நான் இதைச் சொல்லவில்லை. மாசாயில் இளைப்புள்ள பிள்ளையை வளர்க்கிறவர்களே, இரவில் அது ஒழுங்காக மூச்சுவிட்டுத் தூங்குகிறதா? அதை மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.