அத்தான் எழுதிய சர்வர் பரீட்சை

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. ஒரு கப்பல் கம்பெனியின் வெப்சைட் ஓடுகிற சர்வர் கம்ப்யூட்டர்களை வருடக்கணக்காக அவர்தான் கட்டிக் காத்தார். ஜன்னலில்லாத அறை, ஏசி இரைச்சல், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். பேச்செல்லாம் கத்தல்தான். வீட்டில் தண்ணீர் கேட்டாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

புதிதாக வந்த மேனேஜர் ஒரே போடாகப் போட்டார். சர்வரைத் தொடுகிறவர்கள் சான்றிதழ் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. அத்தான் இரண்டு தடவை கோட்டை விட்டார். இது கடைசி வாய்ப்பு. ஐம்பதைத் தாண்டியவரை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்?

"இந்தத் தடவை ஊதித் தள்ளிடுவேன், பாரு" என்றார் அத்தான்.

"போன தடவையும் இதையேதான் ஊதினீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வாய் அடங்காது, என்ன செய்ய?

இது எழுதுகிற பரீட்சை இல்லை. ஒரு மெஷினைக் கொடுப்பார்கள். அதில் வெப் சர்வரை நிறுவி, கேட்கிற பக்கங்களை வரவழைத்துக் காட்ட வேண்டும். அத்தான் அத்தனையும் செய்தார். பக்கங்கள் பளிச்சென்று வந்தன. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தார்.

சாயங்காலம் ஈமெயில் வந்தது. பூஜ்யம்.

திருத்துகிறவர்கள் முதல் வேலையாக மெஷினை அணைத்து மறுபடி போடுவார்களாம். அது மறுபடி எழும்போது சர்வரும் தானாக எழ வேண்டும். அதற்கு ஒரு வரிக் கட்டளை உண்டு. அத்தான் அதைக் கொடுக்கவில்லை; ஒரு பக்கமும் வரவில்லை. ஓடுகிற மெஷினை அணைக்காமல் வைத்திருப்பதுதான் அவர் ஆபீசில் பெருமை. அணைத்தே பழக்கமில்லாதவருக்கு அந்த வரி எங்கே ஞாபகம் வரும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன அநியாயம் அத்தான் இது! ஒத்த வரிக்காக மொத்தத்துக்கும் முட்டையா? ஓடிட்டிருக்கிறத எவனாவது அணைச்சுப் பாப்பானா? நான் வந்து அந்த மேனேஜர நாலு கேள்வி கேக்கறேன்."

"சும்மா இருடா." முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசினார். "அவங்க செஞ்சது சரிதான். ஆபீஸ் மெஷினும் இப்படித்தான் இருக்கு. அணைச்சா எது எழும், எது எழாதுன்னு எனக்கே தெரியாது. அந்தப் பயத்துலதான் அணைக்காமலே வெச்சிருந்தேன்."

அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத அங்க போய் சொல்லித் தொலைக்காதீங்க" என்றாள். "வேலைதான் போச்சு. நல்லா பாத்துக்கிட்டாருங்கிற பேராவது மிஞ்சட்டும்."

"சொல்லாம எப்படி? புதுசா வர்றவன் மொத நாளே அணைச்சுப் போடுவான். அவன் பொழப்பும்ல போகும்?"

திங்கட்கிழமை போய்ச் சொன்னார். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.