கெர்த்து காட்டிக்கொடுக்காத இடம்

வடக்குப் பின்லாந்தில், எங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிறவள் சினிக்கா. வாய் கொஞ்சம் காரம். “ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிஷம்தான்” என்று மேலதிகாரி வந்து சொன்னபோது, “அப்போ நீங்க குத்துங்க, நான் கடிகாரம் பாக்குறேன்” என்று ஊசித்தட்டை அவர் பக்கம் நகர்த்தியவள். அந்த மனிதர் அப்புறம் நிமிஷக் கணக்குப் பேசவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவளும் ஒரு நாலு வயதுக் குழந்தையை இரண்டு பேரோடு சேர்ந்து அமுக்கிப் பிடித்திருக்கிறாள். கத்திக் கத்தி ஓய்ந்து, அது கையை அப்படியே போட்டுவிட்டது. “பாரு, சமர்த்தாயிடுச்சு” என்றாள் கூட இருந்தவள். சமர்த்தாம்! சினிக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இனி எந்தப் பிள்ளையையும் அமுக்கிப் பிடிப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தாள்.

அந்த முடிவுக்குச் சோதனையாக ஒரு ஜூலைக் கடைசியில் வந்து சேர்ந்தாள் ஐந்து வயது கெர்த்து. முழங்கால் மூட்டு வீங்கும் நோய். மருந்து தொடர வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தே ஆகவேண்டும். முன்பு இருந்த ஊரில் ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் பிடித்துத்தான் எடுத்தார்களாம். மகளைத் தூக்கி வந்த யான்னே வாசலிலேயே சொல்லிவிட்டான்.

“இன்னைக்கும் அமுக்கிப் பிடிச்சுத்தான் எடுக்கணும்னா இதோட சரி. இனிமே கூட்டிட்டு வரமாட்டேன்.”

“மருந்து நின்னா இவ எப்படி நடப்பா?”

“அது எனக்குத் தெரியாதா?” என்றான்.

கையை மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவி ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு சினிக்கா சோப்புக் குமிழி ஊதும் குப்பியை எடுத்தாள். கெர்த்து அலறினாள்.

“குமிழி வேணாம்! குமிழி வந்தா அடுத்து ஊசி வரும்!”

அடேயப்பா, சரியான கெட்டிக்காரி! குப்பி மேசைக்குள் போனது. சினிக்கா பிள்ளையை உற்றுப் பார்த்தாள். கழுத்தெல்லாம் கொசுக்கடி. இந்த நாளில் இத்தனை கடி என்றால் லக்கா என்னும் காட்டுப் பழம் பறிக்கச் சதுப்பு நிலத்துக்குள் இறங்கியவர்கள்தான்.

“லக்கா நிறையக் கிடைச்சுதா? எந்த இடம்?”

“கெர்த்து, வாயைத் திறக்காதே!” என்றான் யான்னே சட்டென்று. விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே. எங்கள் ஊரில் சம்பளத்தைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். முந்திப் பறிப்பவருக்குத்தான் பழம் என்பதால், லக்கா விளையும் இடத்தைக் கூடப் பிறந்தவனிடமும் சொல்லமாட்டார்கள்.

“அவ வாயே திறக்க வேணாம்” என்றாள் சினிக்கா. “மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன். கேட்டுக்கோ கெர்த்து, நடுவுல ஊசியும் போடுவேன். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவேன். ஆனா மூஞ்சி அசைஞ்சா உங்க இடம் எனக்கு.”

கெர்த்து அப்பாவைப் பார்த்தாள். அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை மேசைமேல் வைத்தாள். யாரும் பிடிக்கவில்லை.

“ஏரிக்குப் பின்னாலயா?”

முகத்தில் ஒன்றும் இல்லை.

“தண்டவாளம் தாண்டியா?”

அப்பா சட்டையைப் பிடித்த பிடி இறுகியது.

“பழைய மரப்பாலத்துப் பக்கமா?”

ஊசி இறங்கியது. கெர்த்துவின் கண் நிறைந்து ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது. முகம் மட்டும் அசையவே இல்லை. அப்பன்காரனின் காதுதான் சிவந்துபோனது! சினிக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, ரத்தம் நிரம்பிய கண்ணாடிக் குழாயை மூடினாள்.

“தோத்துட்டேன். கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, ஒண்ணும் தெரியலையே!”

“முடிஞ்சிருச்சா?” என்றாள் கெர்த்து. யான்னே மகளின் தலையில் முகம் புதைத்து அழுதான்.

சினிக்காவுக்கு லக்கா என்றால் உயிர். ஆனால் அந்தக் கோடை முழுக்க அவள் மரப்பாலத்துப் பக்கம் கால் வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கதவு திறந்தது. அப்பாவுக்கு முன்னால் நடந்து வந்தாள் கெர்த்து. நாற்காலியில் தானே ஏறி, சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டினாள்.

“இன்னைக்கும் சொல்லமாட்டேன்.”